தாழையடிமுனை வைத்தியசாலைக்கு ஒரு பதிலாள்

ஒரு வைத்தியசாலை இல்லாமல் போவதற்குக் கடல் வந்தால் மட்டும் போதாது, சுற்றறிக்கையும் வர வேண்டும். இந்த உண்மையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கரையோர சுகாதார ஒருங்கிணைப்புப் பணிமனையில் பதினாறு வருடம் தட்டெழுத்தாளராக இருந்து படித்தேன். தாதி ஸுலைஹா மிஸ்ஸிக்குப் பணிமனை அனுப்பிய நாற்பத்தொரு கடிதங்களும் என் விரலால் அடித்தவை. ஆகவே இந்தக் கதையில் யாரையாவது ஏசத் தோன்றினால் என்னையும் சேர்த்து ஏசிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

தாழையடிமுனை, சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் கடலை ஒட்டிக் கிடந்த சின்ன ஊர். அங்கே பதினெட்டுக் கட்டிலோடு ஒரு வைத்தியசாலை இருந்தது. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்து கட்டிலையும் கூரையையும் மருந்து அலுமாரியையும் உள்ளே இருந்த ஏழு பேரையும் கொண்டு போனது. அந்த ஏழு பேரில் நாலு பேரின் முகம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. இது சிரிக்க வைக்க வேண்டிய கதை.

அன்று கடமையில் இருந்தவர்களில் தப்பியது இரண்டு பேர். ஒருவர் காவலுக்கு இருந்த வாச்சர் தம்பிமுத்து, தென்னையில் ஏறித் தப்பினார். மற்றவள் தாதி ஸுலைஹா. இரவு வேலை முடிந்து வரவு இடாப்பில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம் சனம் கத்திக்கொண்டு ஓடியது. அவளும் ஒரு கிழவியை ஒரு கையில் இழுத்துக்கொண்டு ஓடினாள். பிரதான வீதிக்கு வந்து நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் பார்த்தாளாம், மற்றக் கையில் இடாப்பு இருந்தது. மூன்றாம் நாள், அரசாங்கச் சாமானை வீட்டில் வைத்திருப்பது முறையில்லை என்று நினைத்து, அதைக் கொண்டுவந்து பணிமனையில் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய பிழை அதுதான்.

எங்கள் தலைமைக் கிளாக்கர் முகம்மது தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கி, பக்கம் பக்கமாக வெயிலில் காய வைத்தார். பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மகள், நீங்க ஆசுபத்திரியக் காப்பாத்திட்டீங்க."

"இல்ல சேர், ஆசுபத்திரி போயிட்டுதே."

"கட்டடம் போயிட்டு. அது வேற பிரிவு. இடாப்பு இரிக்கி. இடாப்பு இரிக்கிற மட்டும் ஆசுபத்திரி இரிக்கி. ஆசுபத்திரி இரிக்கிற மட்டும் நீங்க காலம எட்டு மணிக்கு அங்க சைன் வைக்கோணும்."

ஸுலைஹா சிரித்தாள். பகிடி விடுகிறார் என்று நினைத்திருக்கிறாள். முகம்மது தம்பி சேரை எனக்குத் தெரியும். அவர் பகிடி விட்டதை அவருடைய பெண்சாதிகூடக் கண்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வைத்தியசாலை இயங்கத் தொடங்கியது. தம்பிமுத்து வெறும் நிலத்தில் நாலு கம்பு நட்டு, ஏதோ ஒரு நாட்டுக்காரர் கொடுத்த நீலத் தறப்பாளை மேலே கட்டினார். ஒரு மேசை, இரண்டு கதிரை. இடாப்பு காணாமல் போகக் கூடாதென்று மேசைக் காலோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். உயிர் தப்பிய ஊழியர்கள் மொத்தம் பதின்மூன்று பேர். எல்லாரும் காலையில் வந்து மணலில் வரிசையாக நின்று கையெழுத்து வைத்தார்கள், நாலு மணி வரைக்கும் கடலைப் பார்த்தார்கள், மறுபடி கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். அங்குமிங்கும் அகதி முகாம்களில் ஒரு தாதிக்கு நூறு பேர் காத்துக் கிடந்தார்கள். ஆனால் அது வேறு பிரிவு.

ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போக வேண்டுமென்றால் பதிலாள் காட்ட வேண்டும். அதுதான் எங்கள் பணிமனைக்கு மார்க்கக் கடமை போல. முதலில் போனவர் மருந்து கலக்குபவர். ஓர் அரசியல்வாதியிடம் கடிதம் வாங்கிவந்து, தனக்குப் பதிலாள் ஆண் தாதி என்று எழுதிக் கொடுத்தார். ஆண் தாதி போகும்போது இன்னொரு தாதியைக் காட்டினார். அவள் போகும்போது சிற்றூழியரைக் காட்டினாள். இப்படியே ஆளுக்கொரு கடிதத்தோடு பதினொரு பேரும் கழன்றார்கள். கடைசியில் காகிதத்தின்படி ஸுலைஹா பதினொரு பேருக்குப் பதிலாள். ஸுலைஹாவுக்குத்தான் காட்டுவதற்கு ஆளில்லை. தம்பிமுத்துவைக் காட்டலாமா என்று கேட்டாள். வாச்சரைத் தாதிக்குப் பதிலாளாக ஏற்பதில் தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது என்று நான் கடிதம் அடித்தேன். கடிதம் இலக்கம் மூன்று.

அவளுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஸுலைஹாவின் வாப்பா வளவு வாங்கி வீடு கட்டிக் கொடுத்து, புத்தளத்திலிருந்து முபாறக் மாஸ்டரை மருமகனாகக் கொண்டுவந்தார். பஹ்மிதா என்று ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. பிள்ளைக்கு ஆறு மாதமாக இருக்கும்போது, பள்ளி விடுமுறைக்கு முபாறக் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தன் உம்மாவைப் பார்க்கப் புத்தளம் போனார். இரவு வேலை முடிந்ததும் ஸுலைஹாவும் பின்னால் போவதாக இருந்தது. அந்த விடுமுறையில்தான் கடல் வந்தது. வீடும் போனது, வீட்டிலிருந்த வாப்பாவும் போய்விட்டார். பெண்ணுக்கு வீடில்லாத ஊரில் மாப்பிள்ளை எங்கே வந்து இருப்பது? முபாறக் புத்தளத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டார். பிள்ளையும் அங்கே. ஸுலைஹா சாய்ந்தமருதில் தன் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் ஒரு அறையில்.

புத்தளத்தில் அவளை ஏற்க ஒரு வைத்தியசாலை ஆயத்தமாக இருந்தது. தாதி போதாதென்று அவர்களே எழுத்தில் கேட்டார்கள். இங்கிருந்து விட வேண்டியதுதான் பாக்கி.

லீவாவது எடுத்துப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். லீவு எடுக்கப் பதில் கடமை பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆளில்லை. ஆகவே பணிமனையே பூட்டிக் கிடக்கும் இரண்டு பெருநாளுக்கும்தான் அவள் போக முடியும். போக ஒரு நாள், வர ஒரு நாள், வழியெல்லாம் இறங்கி ஏற வேண்டிய சோதனைச் சாவடிகள். பிள்ளையோடு இருப்பது ஓர் இரவு. அந்தப் பிள்ளை அவளைப் "பெருநாள் உம்மா" என்றுதான் கூப்பிடுமாம். நோன்பு தொடங்கினால் பிள்ளை நாளை எண்ணத் தொடங்கும் என்று ஒருநாள் ஸுலைஹா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் கடிதம் இலக்கம் ஒன்பதை அடித்தேன்.

ஒவ்வொரு வருடமும் காரணம் மாறியது, பதில் மாறவில்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு: பதிலாள் இல்லாமையால் கோரிக்கையைப் பரிசீலிக்க முடியாதுள்ளது. ஆறாம் ஆண்டு: நாட்டின் தற்போதைய நிலைமையில் இடமாற்றங்கள் உசிதமானவை அல்ல. ஏழாம் ஆண்டு: கிழக்கின் நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளதால், வழமையான இடத்தில் வழமையான ஊழியர் இருப்பது அவசியம். யுத்தம் இருந்தாலும் அவள் போக முடியாது, இல்லாவிட்டாலும் போக முடியாது. நான் அடித்த கடிதங்களிலேயே இலக்கணப் பிழை இல்லாத கடிதங்கள் அவை.

வைத்தியசாலையை மீண்டும் கட்டினால் என்ன? கட்டலாம். ஆனால் அந்தக் காணி கடலோரத் தடை வலயத்துக்குள் வருகிறது, அங்கே கட்டக் கூடாது. வேறு காணியில் கட்டலாமா? பணம் தந்த வெளிநாட்டுக்காரரின் ஒப்பந்தத்தில் அந்தக் காணியின் பெயர்தான் இருக்கிறது, வேறிடத்தில் கட்டக் கூடாது. இருந்தும் மூன்று பெரியவர்கள் மூன்று முறை வந்து அடிக்கல் நாட்டினார்கள். கட்டுவதற்குத்தானே தடை, நாட்டுவதற்கு இல்லையே. தம்பிமுத்து அந்த மூன்று கல்லையும் அடுப்பாக வைத்துத் தேத்தண்ணி போடுவார்.

வியாழக்கிழமை தோறும் நான் சைக்கிளில் போய் வாராந்த அறிக்கை எடுத்து வருவேன். கட்டில்: இல்லை. அனுமதி: இல்லை. பிரசவம்: இல்லை. இறப்பு: இல்லை. தொற்று: இல்லை. முறைப்பாடு: இல்லை. உண்மையில் பக்கத்துத் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்த சனம் காய்ச்சல், வெட்டுக்காயம் என்று அவளிடம் வந்துகொண்டுதான் இருந்தது. அவளும் தன் கைப்பையில் இருந்ததை வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினாள். ஆனால் அதை எழுதக் கூடாது. எழுதினால் இருப்பில் இல்லாத மருந்து எங்கிருந்து வந்தது என்று விளக்கம் கேட்போம். நாங்கள்தான் கேட்போம்.

பணிப்பாளர் றவூப் டொக்டர் மாதாந்தக் கூட்டத்தில் இந்த அறிக்கையைக் கையில் எடுத்தால் முகம் மலர்ந்துவிடும். மற்ற வைத்தியசாலைகளில் ஒரு தாதிக்கு நாற்பது நோயாளி, ஐம்பது நோயாளி. தாழையடிமுனையில் ஒரு தாதி, நோயாளி இல்லை.

"உலகத்திலேயே இப்பிடி ஒரு விகிதம் எங்கயும் இல்ல," என்பார். "இந்த மிஸ்ஸிய எடுத்து வேற இடத்துக்குப் போட்டா என்ன நடக்கும்? விகிதம் கெட்டுப் போகும். நான் இரிக்கிற மட்டும் அத விடமாட்டன்."

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது. ஊரில் வெடி கொளுத்தினவர்களும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களும் உண்டு. ஸுலைஹா எதையும் செய்யவில்லை, ஒரு விண்ணப்பம் எழுதினாள். வருகிற ஜனவரியில் பஹ்மிதா முதலாந் தரத்துக்குப் போகிறாள். முதல்நாள் பள்ளிக்கு உம்மா கைபிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும் என்று பிள்ளை சொல்லியிருந்தது. அதற்கு முன் விடுவித்துவிடுங்கள், அதன் பிறகு வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தாள். அரசாங்க விண்ணப்பத்தில் பிள்ளை சொன்னதையெல்லாம் எழுதுகிறார்களா என்று முகம்மது தம்பி சேர் கவலைப்பட்டார்.

ஆனால் அதிசயம் பாருங்கள், பதிலாள் கிடைத்தாள். தம்பிலுவிலைச் சேர்ந்த தக்சாயினி என்று படிப்பு முடித்துப் புதிதாக வெளியேறிய பிள்ளை. தகப்பனின் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வந்து இறங்கி, வெறும் மணலைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஐயா, ஆஸ்பத்திரி எங்க?"

"இதுதான் மகள்," என்றார் தம்பிமுத்து.

"இது தறப்பாள்தானே?"

"ஓம். ஆனா அத எழுதுறல்ல."

ஸுலைஹா அந்தப் பிள்ளையைக் கதிரையில் இருத்தி, இளநீர் வெட்டிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதகா. வேல ஒண்டும் இல்ல. ஒரு சைன் வை. மறுகா எல்லாம் நான் காட்டித் தாறன்." தக்சாயினி பேனையையும் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பணிமனையிலிருந்து தொலைபேசி வந்தது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்த சனத்துக்குத் தாதி போதாது, புதிதாக வெளியேறியவர்கள் எல்லாரும் உடனே வவுனியாவுக்குப் போக வேண்டும். அந்தப் பிள்ளை அதே மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போனது. அங்கே அவள் தேவைதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஸுலைஹாவும் சொல்லவில்லை. "என்னயாவது அங்க அனுப்புங்களன் சேர், வேலயாவது செய்வன்," என்று மட்டும் கேட்டாள். பதிலாள் இருந்தால் அனுப்பலாம் என்று நான் அடித்தேன். கடிதம் இலக்கம் முப்பத்தாறு.

அந்த வருடம் ஒக்டோபரில் விருது வந்தது.

ஜப்பான்காரர் கண்டுபிடித்த ஒழுங்குமுறை ஒன்று இருக்கிறது. தேவையில்லாததை அகற்று, இருப்பதை அடுக்கு, துப்புரவாக வை என்று ஐந்து படி. அதில் சிறந்து விளங்கும் வைத்தியசாலைக்கு உற்பத்தித்திறன் விருது. நடுவர்கள் மூன்று பேர் எங்கள் அறிக்கைகளை வாசித்தார்கள். ஐந்து வருடமாக இறப்பு இல்லை, தொற்று இல்லை, முறைப்பாடு இல்லை, கழிவு இல்லை, மின்சாரச் செலவு இல்லை, தேவையற்ற பொருள் ஒன்றுகூட இல்லை. கரையோரத்திலேயே முதலிடம் தாழையடிமுனைக்கு. நேரில் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். நேரில் பார்ப்பது வேறு பிரிவு.

விருதை அந்த வளாகத்திலேயே வழங்குவதென்று முடிவானது. பந்தல் போட்டார்கள், மேடை கட்டினார்கள், மேடைக்குப் பின்னால் இருபதடி நீளத்தில் ஒரு பெனர். பதினேழு வாகனங்கள் வந்து கொட்டில்களுக்குப் போகும் ஒரே ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றன. ஸுலைஹா வெள்ளைச் சீருடையில், பூங்கொத்தோடு, முன்வரிசையில். பணிப்பாளர் பேசினார். அந்தப் பேச்சையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன், ஆனால் அன்றைக்கு அவர் சந்தோசத்தில் எழுதியதற்கு மேலேயும் பேசினார்.

"சுகாதாரத் துறையில் ஆளணிப் பற்றாக்குறை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் இதை ஆழமாக ஆராய்ந்தவன். பற்றாக்குறை ஆளணியில் இல்லை, நோயாளிதான் மிகை! தாதிமார் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள், வைத்தியர்கள் கொழும்புக்கு ஓடுகிறார்கள் என்கிறார்கள். இதோ இந்தச் சகோதரியைப் பாருங்கள். ஐந்து வருடமாக ஒரே இடத்தில் இருக்கிறார். ஏன்? அர்ப்பணிப்பு! நாங்கள் அவரை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அவர் போக வேண்டும் என்று கேட்ட ஒவ்வொரு முறையும், இருக்கும்படி அன்பாக எழுத்தில் அறிவித்திருக்கிறோம். கட்டடம், கட்டில், மருந்து, நோயாளி, இவை நான்கும்தான் ஒரு வைத்தியசாலையின் வளர்ச்சிக்குத் தடை. அந்தத் தடைகளைத் தாண்டிய முதல் நிறுவனம் இது!"

கைதட்டல் ஓயவில்லை, அதற்குள் கொட்டில் பக்கமிருந்து ஒரு கூக்குரல். மீன்பிடிக்கிற மீராமுகைதீனின் பெண்சாதி றபீக்காவுக்குப் பிரசவ நோ கண்டுவிட்டது. ஓட்டோ பிடித்து ஒழுங்கை வரை கொண்டுவந்திருக்கிறார்கள். பதினேழு வாகனம் நிற்கிற ஒழுங்கையில் ஓட்டோ எங்கே போகும்? மாமியார் பாத்தும்மா முன்னால் ஓடிவந்து பந்தலுக்குள் நின்று கத்தினாள்.

"மிஸ்ஸி! புள்ளட தல வந்திட்டு! வாங்க மிஸ்ஸி, அல்லாவுக்காக வாங்க!"

ஸுலைஹா பூங்கொத்தைப் பணிப்பாளரின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். முகம்மது தம்பி சேர் அவளுடைய வழியை மறித்து, "மகள், பிரசவ அறை நம்மட இருப்பில இல்ல, யோசிங்க," என்றார். அவள் யோசிக்கவில்லை. பெனரை ஒரே இழுவையில் இழுத்து இறக்கி, நாலு பெண்களை நாலு மூலையில் பிடிக்க வைத்து, மேடைக்குப் பின்னால் மறைப்புக் கட்டி, றபீக்காவை அங்கே தூக்கிவரச் செய்தாள். "தம்பிமுத்தண்ணன், சுடுதண்ணி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பணிப்பாளரே எழுந்து நின்றார். ஐந்து வருடமாக அவள் இப்படிக் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும் என்பதை அன்றைக்குத்தான் எங்கள் பணிமனை கண்டது.

கால் மணித்தியாலத்தில் ஆண்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். பாத்தும்மா ஸுலைஹாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். பந்தலில் இருந்த சனம் விருதுக்குத் தட்டியதை விடப் பலமாகக் கை தட்டியது. எனக்கும் கண் கலங்கியது, சொல்லிவிடுகிறேன்.

பணிப்பாளர் மட்டும் முகம் கறுத்துப்போய் நின்றார். காலையில் நோயாளி பூச்சியமாக இருந்த வைத்தியசாலையில் மதியத்துக்குள் ஒன்றாகி, அந்த ஒன்று இரண்டாகிவிட்டது. நடுவர்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதக் கடைசியில் விசாரணை. குற்றச்சாட்டு மூன்று. பிரசவ அறை இல்லாத நிறுவனத்தில் பிரசவம் பார்த்தமை. அரசாங்கச் சொத்தான பெனரை அதன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியமை. நோயாளித் தொகையில் திடீர் அதிகரிப்பை ஏற்படுத்தி நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமை. றபீக்காவையும் சாட்சிக்குக் கூப்பிட்டு, பிள்ளை பெற முன் அனுமதித் துண்டு எடுத்தாயா என்று கேட்டார்கள். "துண்டு தாற ஆள் பந்தல்ல கை தட்டிக்கிட்டு நிண்டாரு," என்றாள் அவள். அது பதியப்படவில்லை.

ஸுலைஹா எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"காக்கா," என்று அண்ணன் முறையில் என்னைக் கூப்பிட்டாள், "இப்ப என்ன செய்வாங்க? வேலயால நிப்பாட்டுவாங்களா?"

"அநேகமா தண்டனை இடமாற்றம் மகள். தூரத்துக்கு அடிப்பாங்க."

"எங்க அடிச்சாலும் பரவால்ல. எங்க எண்டாலும் அங்க பதிலாள் கிடைக்கும். இல்லாட்டி லீவாவது கிடைக்கும். இன்ஷா அல்லாஹ், ஜனவரிக்கு முன்ன புள்ளக்கிட்டப் போயிடுவன்." விசாரணையில் தண்டிக்கப்பட்டதற்கு நன்றி சொல்லி இரண்டு ரக்காத் தொழுத ஒரே அரசாங்க ஊழியர் அவளாகத்தான் இருப்பாள்.

அன்று பின்னேரம் பணிப்பாளரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் இருந்தோம். பணிப்பாளர், முகம்மது தம்பி சேர், குறிப்பெடுக்க நான்.

"இருக்கிறதுக்குள்ள ஆகக் கஷ்டமான இடம் எது?" என்று கேட்டார் பணிப்பாளர். "பட்டியலப் பாரும்."

எங்களிடம் கஷ்டப் பிரதேசப் பட்டியல் ஒன்று இருக்கிறது. தண்ணீர் இல்லையென்றால் ஐந்து புள்ளி, மின்சாரம் இல்லையென்றால் ஐந்து, தங்குமிடம் இல்லையென்றால் பத்து. முகம்மது தம்பி சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். பிறகு ஒரு தரம் கனைத்தார்.

"தாழையடிமுனை சேர். நூத்துக்கு நூறு."

"அதுக்குத்தானே போன மாசம் முதலாமிடம் குடுத்த?"

"விருது வேற பிரிவு சேர். இது கஷ்டப் பிரிவு."

பணிப்பாளர் பட்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அங்க வெற்றிடம் இருக்கோணுமே?"

"இவவ அங்கயிருந்து எடுத்த உடன வெற்றிடம் வரும் சேர். இவவுக்குப் பதிலாளும் வேணும். இவவையே போட்டா ரெண்டும் சரி. அஞ்சு வருசப் பிரச்சின ஒரே கடிதத்தில முடியுது." முகம்மது தம்பி சேரின் முகத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சந்தோசத்தைக் கண்டேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தொட்டுவிட்டு, தன் மூக்குத்தான் என்று கண்டுபிடித்து மகிழ்ந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இது சரியில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் பட்டியலில் இரண்டாம் இடம் எது என்று பார்ப்பார்கள் என்ற பயம். அடித்தேன். கடிதம் இலக்கம் நாற்பத்தொன்று. விடயம்: இடமாற்றம்.

கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. டிசம்பர் மாதம், சனிக்கிழமை, அவள் ராத்தாவின் வீட்டில் இருப்பாள் என்று நினைத்து அங்கே போனேன். சனிக்கிழமையும் சைன் வைக்கப் போய்விட்டாளாம். அவளுடைய ராத்தா உறையின் மேலே இருந்த 'இடமாற்றம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதாள், எனக்குச் சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி தந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே அதைக் குடித்து முடித்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தாழையடிமுனைக்கு மிதித்தேன்.

ஸுலைஹா கடிதத்தை நின்றபடியே வாசித்தாள். ஒரு தரம் வாசித்து, பின்பக்கம் ஏதும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்தாள். தம்பிமுத்து எட்டி வாசித்துவிட்டு, "என்ன சனங்கடா இவங்கள்," என்று சொல்லிக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒப்படைப்புப் படிவத்தை நான் மேசையில் வைத்தேன். ஒப்படைத்தவர் என்று ஓர் இடம், பொறுப்பேற்றவர் என்று ஓர் இடம். இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி இருக்க வேண்டுமென்று முகம்மது தம்பி சேர் சொல்லி அனுப்பியிருந்தார், இல்லாவிட்டால் கணக்காய்வில் கேள்வி வருமாம். இடமாற்றத்துக்கு ஒரு பயண நாளும் உண்டு.

"அந்த ஒரு நாளில புத்தளம் போய் வரலாமா காக்கா?"

"பயண நாள் கடமை இடத்திலருந்து கடமை இடத்துக்கு மட்டும்தான் மகள்."

"மறுகா எப்ப விண்ணப்பம் போடலாம்?"

தண்டனை இடமாற்றம் பெற்றவர் ஐந்து வருடத்துக்கு இடமாற்றம் கோர முடியாது. அதையும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முதல் கையெழுத்தை வைத்துவிட்டு, பேனையைக் கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம் முடியும் வரைக்கும் காத்திருந்தாள். அந்த ஐந்து நிமிடம் மட்டும் அவள் எந்த இடத்துக்கும் சொந்தமில்லாதவள். எழுந்து போயிருக்கலாம். ஆனால் போனால் பதவியைக் கைவிட்டவர் என்று கடிதம் வரும், பிறகு புத்தளத்திலும் எந்த ஆசுபத்திரியும் அவளை எடுக்காது.

இரண்டாவது கையெழுத்தும் விழுந்தது. அப்போதுதான் அவளுடைய தொலைபேசி அடித்தது. முபாறக் மாஸ்டர். ராத்தா அங்கே செய்தி சொல்லிவிட்டாள் போல. சத்தம் எனக்கே கேட்டது.

"ஸுலைஹா! அல்ஹம்துலில்லாஹ்! ராத்தா சொன்னா. இடமாற்றம் வந்திட்டாமே! உம்மா அழுறா, புள்ள முழு ஒழுங்கைக்கும் சொல்லிட்டா. இந்தா, அவளோட கதை."

"மச்சான், கேளுங்க," என்றாள். அதற்குள் அந்தப் பக்கம் கை மாறிவிட்டது.

"உம்மா! பெருநாள் இல்லாமலே வாறீங்களா? எந்த பஸ்ஸில வாறீங்க? நானும் வாப்பாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிப்பம். உம்மா, எந்த பஸ்?"

ஸுலைஹா தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க காக்கா. நீங்கதானே அடிச்ச."

நான் வாங்கிக் காதில் வைத்தேன். "மகள்," என்றேன். அதற்குப் பிறகு, பதினாறு வருடப் பழக்கத்தில், "தங்கள் கோரிக்கை" என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பக்கத்தில் பிள்ளை, எந்த பஸ் என்று நான் சொல்வதைக் கேட்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.